டி.சி. வேண்டாங்க டீச்சர்

"ஏனுங்கப்பா, டி.சி. குடுத்துட்டாங்கன்னா அப்பறம் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள காலே வெக்கக் கூடாதுங்களா?"

என் மகள் தாரணி இதைக் கேட்டபோது நான் வாசலில் உட்கார்ந்து பலாக்கொட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். டூட்டி இல்லாத நாள். சித்திரை வெயில் மலை மேலும் ஏறி வந்திருந்தது. களத்தில் கடைசி அறுப்பு மிளகு காய்ந்துகொண்டிருந்தது, அந்தக் காரம் காற்றில் வந்து மூக்கை உறுத்தியது. அவள் முதுகிலிருந்து பையைக் கழற்றாமலே மிளகுப் பாயின் ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்துவிட்டது. இன்னும் இரண்டொரு நாளில் லீவு விடப்போகிறார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிகிற நேரம்.

"ஆருக்குக் கண்ணு டி.சி.?" என்றேன்.

"எனக்குத்தானுங்க."

சொல்லிவிட்டு அழுதாள். என் மகள் அழுதால் பக்கத்து ஊருக்குக் கேட்கும். அன்று சத்தமே வரவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நடுவழியில் ஏறுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லிமலைக்கு ஏறி இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர். சொந்த ஊர் வளப்பூர் நாடு; பல ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். போன வாரம் மழையில் பஸ் நின்றுபோன கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "உங்க பஸ்ஸுல நல்லது எதுவுமே நடக்காதா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அவருக்காகவே இந்த வாரம்.

தாரணி இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்கங்க, நான் அழுதத மட்டும் எழுதாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன். வீட்டுக்குப் போனால் இருக்கிறது எனக்கு.

எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்

டி.சி. கொடுக்கப்போகிற ஜெசிந்தா டீச்சரை எங்கள் ஊருக்கு ஏற்றிக்கொண்டு வந்ததே நான்தான்.

தாரணி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அது. காலை பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். திருச்செந்தூர்ப் பக்கம் கடலோர ஊர். அரசாங்க வேலை கிடைத்து, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டிருக்கிறார்கள். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, தினமும் மலையேறி வந்து போவதாகத் திட்டம். கடலை மட்டுமே பார்த்து வளர்ந்தவருக்கு எங்கள் மலைப்பாதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. கொஞ்ச நேரத்திலேயே முகம் வெளுத்துவிட்டது.

"இன்னும் எத்தன வளைவு இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்குது."

ரோட்டை நான்தான் வளைத்து வைத்தேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததை விரிவாக எழுத வேண்டியதில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். புளி வாயில் போடச் சொன்னார் ஒருவர். கண்ணை மூடச் சொன்னார் இன்னொருவர், மூடவே கூடாது என்றார் அவர் பெண்டாட்டி. யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார்கள். ஊர் வந்ததும் இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "பள்ளிக்கூடம் எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

இவர் மறுநாள் வரமாட்டார் என்று நானும் டிரைவரும் பேசிக்கொண்டோம். மறுநாள் வந்தார், கையில் எலுமிச்சம்பழத்தோடு. அந்த வருஷம் முழுக்க அந்தப் பழத்தை முகர்ந்துகொண்டேதான் மலையேறினார். அடுத்த வருஷம் பழத்தைக் காணோம். அதற்கடுத்த வருஷம் கடைசி சீட்டில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினார். பிற்பாடு மலைக்காரர்களைவிட நன்றாகத் தூங்கினார். ஊர் வந்ததும் நான்தான் எழுப்புவேன்.

ஏட்டி

பஸ் பழகிவிட்டது. பழகாதது பேச்சு.

எங்கள் மலையில் பால்குடி மாறாத பிள்ளையைக்கூட "வாங்க சாமி, சாப்புட்டீங்களா கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டை விரட்டும்போதுகூட நாங்கள் மரியாதை கொடுப்பதாக எங்கள் டிரைவர் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட ஊரில் வந்த முதல் நாளே டீச்சர் என் மகளைப் பார்த்து, "ஏட்டி, இங்க வா. ஒம் பேரென்ன?" என்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "டீச்சர் என்னைய டி போட்டுக் கூப்புடறாங்க" என்று உதட்டைப் பிதுக்கினாள் தாரணி. என் மனைவி செல்விக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"பெத்தவ நானே ஒரு நாளு டி போட்டதில்ல. ஆருங்க அவங்க?"

இப்படியே நாலைந்து வீட்டில் பேச்சு எழும்பி, ஊர் வழக்குகளைப் பேசித் தீர்க்கிற எங்கள் ஊர்க்கவுண்டரிடம் போய்விட்டது. அவர் சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கூட நானும் போனேன். டீச்சரை ஏற்றிக்கொண்டு வந்த பாவத்துக்கு.

"ஏனுங்க டீச்சர், எங்க புள்ளைங்க ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணிப்போட்டாங்களா?"

"இல்லையே ஐயா. என்ன விசயம்?"

"இல்லீங்க, ஏட்டி, ஏட்டின்னு கூப்புடறீங்களாம்..."

டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்துவிட்டது. "ஐயா, எங்க ஊருல பாசமா இருக்க பிள்ளையளத்தான் ஏட்டிம்போம். கோவம்னா வாங்க போங்கன்னு சொல்லிருவோம்" என்றார்.

கவுண்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்பிடீன்னா, வந்ததுல இருந்து என்னைய வாங்க ஐயா, உக்காருங்க ஐயான்னு சொல்லீட்டு இருக்கறீங்களே, அது கோவத்துலீங்களா?"

அன்றோடு வழக்கு முடிந்தது. இருந்தாலும் ஊருக்காக டீச்சர் ஒரு வாரம் "சொல்லுங்க தாரணி, எழுதுங்க தாரணி" என்று பேசிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. டீச்சருக்கு நம்மேல் கோபம் என்று முகம் வாடிப் போனார்கள். கடைசியில் என் மகளே போய், "நீங்க ஏட்டின்னே கூப்புடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரெல்லாம் ஏட்டிதான். நொண்டி விளையாடுகிற பெண் பிள்ளைகள் ஒன்றையொன்று ஏட்டி என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். மிளகைக் கொத்த வந்த கோழியைச் செல்வி "ஏட்டி, போறயா இல்லையா!" என்று விரட்டியதை நான் என் காதால் கேட்டேன்.

ஏட்டிக்குப் பின்னாலேயே டீச்சரின் இன்னொரு வசனமும் வந்தது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா? "ஏட்டி, டி.சி.யக் கிழிச்சுக் கையில குடுத்திருவேன் பாத்துக்கோ." பென்சில் தொலைந்ததா? டி.சி.தான். சத்துணவு முட்டையைக் கீழே போட்டாயா? டி.சி.தான். பஸ் தாமதமான ஒரு நாளில் எனக்கே கிடைத்தது. "கண்டக்டரே, ஒங்களுக்கும் டி.சி.தான்." சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளைகளும் சிரிப்பார்கள்.

அக்கா படித்த ஐந்தாம் வகுப்பு

நாங்கள் படித்த காலத்தில் டி.சி. சிரிக்கிற விஷயமாக இல்லை. அந்த இரண்டு எழுத்தைச் சொன்னாலே டவுசர் நனைந்துவிடும். பெரிய தப்புச் செய்தவனைத் திரும்ப வராதே என்று விரட்டுவதற்கான தாள் அது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பள்ளியில் முடித்து அடுத்த பள்ளியில் சேர எல்லோருக்குமே அது வேண்டும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லாத சேதி.

இதில் எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டது என் அக்கா. படிப்பில் என்னைவிடக் கெட்டி. ஐந்தாவதை முடித்தாள். அடுத்த பள்ளிக்கூடம் காட்டைத் தாண்டி இருந்தது. லீவு முடிந்து டி.சி. வாங்க அப்பா போனார், பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. இன்னொரு நாள் போனார், சார் மீட்டிங் போயிருந்தார். அதற்குள் மரவள்ளி நடவு வந்துவிட்டது. பிறகு யாருமே போகவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அவ்வளவுதான் அவள் படிப்பு.

இப்போது திருப்புலி நாட்டில் வாழ்கிறாள். என் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டில் அச்சடித்திருக்கிற எழுத்து முழுவதையும் படித்துவிட்டுத்தான் இடுப்பில் செருகுவாள். கடலை மடித்துக் கொடுத்த காகிதத்தையும் விடமாட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

இப்படி எத்தனை வீடு என்று ஜெசிந்தா டீச்சருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை, வகுப்பு டீச்சர் எல்லாம் அவர்தான், துணைக்கு ஒரு சார். தாரணி ஐந்தாவது முடித்த அந்த வருஷம் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு முடிவு சொன்னார்.

"லீவு முடிஞ்சு வந்து வாங்கிக்கோங்கன்னா நீங்க வர மாட்டிய. வேல வந்துரும், மறந்துருவிய. அதனால கடைசி நாள் ஒரு விழா வைப்போம். அஞ்சாப்பு முடிச்ச பிள்ளையளுக்கு மைக்குல பேரச் சொல்லி, பூக் குடுத்து, டி.சி.யக் கையில குடுத்து அனுப்புவோம். பரிசு வாங்குத மாதிரி வாங்கிட்டுப் போகட்டும்."

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினோம். தாரணிக்கு விடுதியோடு இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கு இடமும் சொல்லி வைத்தாகிவிட்டது. டி.சி. கொண்டுபோய்க் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள்.

குற்றம்

அன்று சாயங்காலம் மிளகுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக விஷயத்தை வாங்கினேன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் டீச்சர் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னந்தலையில் ஒரு வண்டு ஏறியிருக்கிறது. கண்டுபிடித்தவள் என் மகள். பதற்றத்தில் அவளுக்கு வாயில் வந்தது, "ஏட்டி டீச்சர், தலைல வண்டு!"

வகுப்பே கொல்லென்று சிரித்திருக்கிறது.

"டீச்சர் சிரிக்கலீங்கப்பா. திரும்பி என்னையவே பாத்தாங்க. அப்பறம் ஒனக்கு டி.சி.தாம்ட்டின்னு சொல்லீட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. ரொம்ப நேரம் திரும்பவே இல்லீங்க. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு."

"அதுக்கு?"

"நேத்து வந்து, அஞ்சாப்பு எல்லாத்துக்கும் டி.சி. குடுக்கப் போறேன்னுட்டாங்க. என்னாலதான் எல்லாத்துக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. என் தொழிலை வைத்து விளக்கலாம் என்று ஆரம்பித்தேன்.

"அது அப்பிடியில்ல கண்ணு. டி.சி.ங்கறது டிக்கெட் மாதிரி. அடுத்த பஸ்ஸுல ஏறோணும்னா டிக்கெட் வேணுமல்லோ?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டிக்கெட்ட ஏத்தீட்டுத்தான குடுப்பீங்க? இது எறங்கச் சொல்லிக் குடுக்கறது."

இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் பயணியும் என்னை இப்படி மடக்கியதில்லை.

"நான் வாங்க மாட்டனுங்க" என்றாள். "வாங்குனாத்தான போகோணும்? அஞ்சாப்பே இன்னொருக்கா படிக்கறேன். டீச்சருகிட்டச் சொல்லிப் பாக்கறேன். இல்லீன்னா ஊட்லயே இருந்துக்கறேன்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். சோறு வேண்டாம் என்றாள். செல்வி வாசலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புடிச்ச புடிய வுட மாட்டா. உங்க அக்கா மாதிரி ஆயிருவாளோன்னு பயமா இருக்குதுங்க" என்றாள்.

எனக்கும் அதே பயம்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டி.சி.யை வாங்க வைத்துவிடலாம், விடுதியில் கொண்டுபோய் விட்டும் விடலாம். ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் தன்னை விரட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகிற பிள்ளை அங்கே என்ன படிக்கும்? எந்த டீச்சரிடம் வாயைத் திறந்து சந்தேகம் கேட்கும்?

காலை பஸ்

விழா நாளன்று எனக்கு டூட்டி. டீச்சர் மடியில் ஒரு பெரிய லட்டு டப்பாவோடு ஏறினார். பூப்பந்து ஒரு பையில் தனியாக. பஸ் முழுக்க மல்லிகை வாசம். டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, அவர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று விஷயத்தைச் சொன்னேன்.

டிக்கெட் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அவ சொல்லுததும் சரிதான கண்டக்டரே" என்றார். "ஏட்டி டீச்சர்" என்று கூப்பிட்டதுதான் காரணம் என்று நான் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"அதுக்குன்னா நெனச்சுட்டா?"

"ஆமாங்க. சோறு தண்ணி இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வளைவு போயிற்று, இன்னொன்றும் போயிற்று.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பின்னால் யாரோ சில்லறை கேட்டார்கள், நானும் போய்விட்டேன்.

வரிசையாகப் பலாப்பழம்

மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊரில் பஸ் கொஞ்ச நேரம் நின்று கிளம்பும். விழாவை அந்த நேரத்துக்கே வைத்திருந்தார்கள். எனக்காக அல்ல, டீச்சர் திரும்பிப் போகிற பஸ் அதுதான் என்பதால்.

நானும் டிரைவரும் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வராந்தாவில் பலாப்பழங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. லீவுக்கு ஊருக்குப் போகிற டீச்சருக்கு என்ன கொடுப்பது என்று யாரும் யாரையும் கலந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு வீட்டிலும், தங்கள் மரத்துப் பழம்தான் ருசி என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அந்த வாசனைக்கு ஈக்களும் விழாவுக்கு வந்திருந்தன. வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாமைப் பொங்கல் ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருந்தது.

ஊர்க்கவுண்டர் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். அது வழுக்கி வழுக்கி விழுந்தது, அவரும் விடாமல் எடுத்து எடுத்துப் போர்த்தினார். பிறகு மைக்கில், "நம்ம டீச்சரு நம்மளய ஒரு நாளும் கோவிச்சதில்லீங்க. என்னைய மட்டுந்தான் இன்னமும் வாங்க போங்கங்கறாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் ஆடினார்கள். ஒருவன் ஆட்டத்தின் நடுவில் அவன் அம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான்.

பிறகு டீச்சர் மைக்கை வாங்கி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், மூன்றும் மைக்கில். ஒரு முழம் மல்லிகையோ ரோஜாவோ, ஒரு லட்டு, அந்தத் தாள். வாங்கியவர்கள் எல்லாம் பெருமையாகத்தான் திரும்பிப் போனார்கள்.

"தாரணி."

யாரும் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டார். கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தவளைச் செல்வி தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். மெதுவாக நடந்து வந்து டீச்சர் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்திருந்தாள்.

டீச்சர் தாளை நீட்டினார். அவள் கையை எடுக்கவில்லை.

"டி.சி. வேண்டாங்க டீச்சர். நான் இனிமே ஏட்டின்னு சொல்ல மாட்டனுங்க."

மைக் அதை ஊருக்கே சொல்லிவிட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

டீச்சர் மைக்கை ஒரு பலாப்பழத்தின் மேல் வைத்துவிட்டு, பொன்னாடையோடு அப்படியே வராந்தாத் தரையில் உட்கார்ந்தார். இப்போது இருவர் முகமும் நேருக்கு நேராக இருந்தன. நான் தூணோரம் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது.

"ஏட்டி, அன்னைக்கு நான் ஏன் போர்டு பக்கம் திரும்புனேன்னு நெனச்ச?"

"கோவத்துலீங்க."

"கோவமில்லட்டி. இந்த மலையில எல்லாரும் என்னைய டீச்சருங்க, வாங்கங்க, சாப்புட்டீங்களான்னு மரியாதையாத்தான் வச்சிருக்கிய. கொற சொல்லல. ஆனா என்னைய ஏட்டின்னு கூப்புட எங்கம்மை ஒருத்திதான் இருந்தா. அவ போயிட்டா. அதுக்கப்பறம் ஒருத்தரும் கூப்புடல. அன்னைக்கு நீ கூப்புட்ட. அழுகை வந்துட்டு. பிள்ளையள் பாத்துரக் கூடாதேன்னு திரும்பிக்கிட்டேன்."

தாரணி வாயைத் திறந்தபடி அவரையே பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் கொஞ்ச நாள் லீவு போட்டதும், திரும்பி வந்த அன்று பஸ்ஸில் யாரோடும் பேசாமல் வந்ததும் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அப்ப எதுக்குங்க டி.சி.?"

"வாசிச்சுப் பாரு. இத்தன வருசம் ஒனக்கு வாசிக்கத்தான சொல்லிக் குடுத்தேன். சத்தமா வாசி."

பின்னால் கோத்திருந்த கைகள் பிரிந்தன. தாளை வாங்கினாள். தன் பெயரை வாசித்தாள், என் பெயரை வாசித்தாள். "அங்க அடையாளம், இடது முழங்கையில் ஒரு மச்சம்" என்று வாசித்துவிட்டு, முழங்கையைத் திருப்பி மச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, விரலை வைத்து வரி வரியாகக் கீழே போனாள்.

"மாணவரின் ஒழுக்கமும் பண்பும்..." என்று நிறுத்தினாள். டீச்சரைப் பார்த்தாள்.

"வாசிட்டி."

"மிக நன்று."

"தப்புப் பண்ணுன பிள்ளைக்கு அப்டி எழுதுவாவளா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"அடுத்தது."

"பள்ளியை விட்டு நீங்குவதற்கான காரணம். மேற்படிப்பு."

"அதுதான் காரணம். நான் வெரட்டல. நீ படிக்கப் போற."

முதலில் கை தட்டியது ஊர்க்கவுண்டர். பிறகு எல்லோரும் தட்டினார்கள். செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் பிள்ளை டி.சி.யைக் கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. என் அக்காவுக்குக் கிடைத்திருக்க வேண்டியதும் சேர்ந்து கிடைத்தது போல எனக்கு இருந்தது. தாரணி அந்தத் தாளை மடிக்காமல், லட்டுக் கை படாமல், நெஞ்சோடு வைத்துக்கொண்டு போய்ச் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டாள்.

கிளம்புகிற நேரம்

பலாப்பழம் எல்லாம் பஸ்ஸில் ஏறின. சீட்டுக்கு அடியில், என்ஜின் பக்கத்தில், நடைபாதையில். "லக்கேஜ் போடுவியளா கண்டக்டரே?" என்றார் டீச்சர். "பழத்துக்குப் போடலாமுங்க, பாசத்துக்குப் போட்டா எங்க கவுண்டரு என்னைய ஊரை வுட்டுத் தள்ளி வெச்சுருவாரு" என்றேன். கீழே இறங்குவதற்குள் பாதியைப் பயணிகளுக்கே கொடுத்துவிடப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

ஊரே பஸ்ஸைச் சுற்றி நின்றது. ஆளுக்கு ஒன்று சொல்லி வழியனுப்பினார்கள். நான் படியில் ஏறி நின்றேன். அப்போது தாரணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, டீச்சரின் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். கம்பி அவளுக்கு எட்டவில்லை. டீச்சர் குனிந்து கையை வெளியே நீட்டினார். இவள் எக்கி, விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர்."

"என்னட்டி?"

"நீங்க எனக்கு டி.சி. குடுத்துட்டீங்க."

"ஆமா."

"நான் உங்களுக்குக் குடுக்கலீங்க."

டீச்சர் அவளையே பார்த்தார். இந்தத் தடவை முகத்தை வேறு பக்கம் திருப்பவில்லை. கண்ணீர் வழிந்தது, ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"குடுத்திராதட்டி" என்றார்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு திரும்பியே பார்த்தார். விசில் என் வாயில்தான் இருந்தது. ஊதத்தான் என்னால் முடியவில்லை.